ஜின்களைப் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை, நகரப் பக்கம் என்று எங்கே குர்ஆன் வகுப்பு நடந்தாலும் கடைசியில் ஒருவராவது ஜின்னைப் பற்றிக் கேட்காமல் எழும்ப மாட்டார். கேட்கப்படுவதும் பெரும்பாலும் இதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். குர்ஆனிலும் ஹதீஸிலும் (நபிமொழிகளிலும்) இருப்பது எது, ஊர்ப்பேச்சில் சேர்ந்துகொண்டது எது என்று பிரித்துச் சொல்வதே நோக்கம். அந்த இரண்டையும் கலந்ததால் வைத்தியம் கிடைக்காமல் வதைபட்ட நோயாளிகள் உண்டு. குர்ஆன் வசனங்களை அத்தியாய எண், வசன எண் என்ற வரிசையில் குறித்திருக்கிறோம்.

1. ஜின் எண்டு செல்றது பேயத்தானே? செத்தவங்கட ஆவிதானே?

இல்லை. இதை மட்டும் பிரித்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நம் பக்கத்தில் பேய், ஆவி, முனி, ஜின், ஷைத்தான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அகாலத்தில் செத்தவர் அலைவதுதான் பேய் என்பது ஊர்வழக்கு. இஸ்லாமிய நம்பிக்கையில் செத்தவர் அலைவதில்லை. இறந்தவர்களுக்குப் பின்னால், அவர்கள் எழுப்பப்படும் நாள்வரை ஒரு தடை இருக்கிறது என்று 23:100 சொல்கிறது. அந்தத் தடைக்குப் பெயர் பர்ஸக்.

ஜின் என்பது தனியாகப் படைக்கப்பட்ட ஓர் இனம். மனிதருக்கு முன்பே படைக்கப்பட்டது (15:27). சுனாமியில் போன பிள்ளையின் குரல் கேட்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அந்த ஏக்கத்தை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். பிள்ளை அலைகிறது, ஜின்னாகி வந்துவிட்டது என்று சொல்லி அவளைக் கலங்கடிக்கவும் வேண்டாம். அப்படி ஒரு நம்பிக்கை மார்க்கத்தில் இல்லை.

2. ஜின், ஜான், ஷைத்தான், இஃப்ரீத் எண்டு எத்தின பேர்! எல்லாம் ஒண்டா?

ஜின் என்பது அரபுச் சொல். மறைந்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கருவறைக்குள் மறைந்திருக்கும் சிசுவுக்கு ஜனீன், மரங்கள் மூடிய சோலைக்கு ஜன்னத், அறிவு மறைக்கப்பட்டவனுக்கு மஜ்னூன் என்று அதே வேரிலிருந்து சொற்கள் வருகின்றன. கண்ணுக்கு மறைந்த இனம் என்பதால் இந்தப் பெயர். ஜான்ன் என்ற சொல்லும் குர்ஆனில் அந்த இனத்தைக் குறித்து வருகிறது (55:15).

ஷைத்தான் என்பது இனத்தின் பெயரல்ல, நடத்தையின் பெயர். அதனால்தான் மனித ஷைத்தான்கள், ஜின் ஷைத்தான்கள் என்று இரண்டையும் 6:112 சேர்த்துச் சொல்கிறது. இஃப்ரீத் என்பது ஜின்களில் பலமும் தந்திரமும் கூடியவன். ஸுலைமான் நபி (அலை) சபையில் இருந்து எழும்புவதற்குள் ஸபா அரசியின் சிம்மாசனத்தைக் கொண்டுவருவதாக ஓர் இஃப்ரீத் சொன்னது 27:39இல் வருகிறது. எல்லா ஜின்னும் ஷைத்தானல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

3. நெருப்பால படைச்சதெண்டா கிட்ட வந்தா சுடாதா?

மனிதன் மண்ணால் படைக்கப்பட்டான். அதற்காக நம்மைக் கழுவினால் சேறு வருவதில்லை. மூலம் வேறு, இப்போதிருக்கும் உடல் வேறு. புகையில்லாத தீச்சுவாலையிலிருந்து ஜின் படைக்கப்பட்டதாக 55:15 சொல்கிறது. மலக்குகள் (வானவர்கள்) ஒளியிலிருந்தும் ஜின்கள் தீச்சுவாலையிலிருந்தும் படைக்கப்பட்டதாக ஆயிஷா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ், முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. தொழுகையைக் குழப்ப வந்த ஷைத்தானின் கழுத்தை நபி (ஸல்) அவர்கள் நெரித்தபோது அவனுடைய எச்சிலின் குளிர்ச்சியைக் கையில் உணர்ந்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. நெருப்பாகவே இருந்திருந்தால் குளிர்ச்சி ஏது?

4. இப்லீஸ் மலக்குமாரில ஒருத்தன்தானே? பிறகெப்படி ஜின்?

ஆதமுக்கு ஸுஜூது (சிரம்பணிதல்) செய்யும்படி மலக்குகளுக்குச் சொல்லப்பட்டது, ஷைத்தான்களின் தலைவனான இப்லீஸ் மட்டும் மறுத்தான் என்று 2:34இல் வருவதால் இந்தக் கேள்வி எழுகிறது. பழைய விரிவுரையாளர்களிடையே இரண்டு கருத்தும் இருந்தன. ஆனால் 18:50 நேரடியாகவே, அவன் ஜின்களில் உள்ளவனாக இருந்தான் என்கிறது. அவன் கண்ணிமைக்கும் நேரம்கூட மலக்காக இருந்ததில்லை என்பது ஹஸன் அல்பஸ்ரியின் கூற்று. மலக்குகள் இறைவனுக்கு மாறு செய்வதில்லை. மாறு செய்யும் தெரிவு ஜின்னுக்கும் மனிதனுக்கும்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வகையில் 18:50ஐ எடுத்துக்கொள்வதே நேரானது.

5. ஜின்னில முஸ்லிமும் இரிக்காமே? அதுகளும் திண்டு குடிச்சுச் சாகுமா?

எழுபத்திரண்டாவது அத்தியாயத்துக்குப் பெயரே அல்ஜின். 28 வசனங்கள். அதில் பேசுவது பெரும்பாலும் ஜின்களேதான்: எங்களில் முஸ்லிம்களும் உண்டு, நெறி தவறியவர்களும் உண்டு என்கின்றன (72:14). நபி (ஸல்) அவர்கள் உக்காழ் சந்தைப் பக்கம் போகும் வழியில் நக்லா என்ற இடத்தில் சுபஹ் தொழுகையில் ஓதியதைக் கேட்டு ஒரு கூட்டம் ஜின்கள் ஈமான் (நம்பிக்கை) கொண்டதாக இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கிறார். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் 31 தடவை வரும் அந்தக் கேள்வி, "உங்கள் இருவருடைய இரட்சகனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குகிறீர்கள்" என்று இருமையில் கேட்பதும் மனிதரையும் ஜின்னையும் சேர்த்துத்தான்.

அவை சாப்பிடும், சந்ததி பெருக்கும், சாகும். எலும்பும் சாணமும் ஜின்களுடனும் அவற்றின் கால்நடைகளுடனும் தொடர்புபட்ட உணவு என்பதால் அவற்றால் சுத்தம் செய்யக் கூடாது என்று ஹதீஸ் தடுக்கிறது. நம் பிக்ஹு (மார்க்கச் சட்ட) வகுப்பில் இஸ்தின்ஜா (மலசலம் கழித்தபின் சுத்தம் செய்தல்) பாடத்தில் வரும் அந்தச் சட்டத்தின் காரணம் இதுதான். தீய ஜின்னுக்கு நரகம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. நல்ல ஜின்னுக்குச் சொர்க்கம் உண்டென்றே பெரும்பாலானோர் சொல்கிறார்கள். நரகத்திலிருந்து தப்புவதே அவற்றின் கூலி என்ற கருத்து அபூஹனீபா இமாமின் பெயரால் வருகிறது.

6. எங்கட மூத்தம்மா ஜின்னக் கண்ணால கண்டிருக்கா. பொய் செல்ல மாட்டா.

மூத்தம்மா பொய் சொல்கிறா என்று யாரும் சொல்லவில்லை. கண்டது ஜின்தானா என்பதே கேள்வி. நீங்கள் காணாத இடத்திலிருந்து ஷைத்தானும் அவன் கூட்டத்தாரும் உங்களைக் காண்கிறார்கள் என்று 7:27 சொல்கிறது. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் (சட்டப் பிரிவின்) இமாம் ஷாபிஈ இதில் கடுமையாகவே நின்றார்: ஜின்னைக் காண்கிறேன் என்று வாதிடுபவனின் சாட்சியத்தை நாங்கள் ஏற்க மாட்டோம், நபியாக இருந்தால் அன்றி.

அவை வேறு உருவத்தில் வரும்போது காணப்படலாம் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். ரமழான் ஸகாத் தானியத்துக்குக் காவலிருந்த அபூஹுரைராவிடம் (ரழி) மூன்று இரவுகள் வந்து திருடியவன் மனித உருவில்தான் வந்தான். மூன்றாம் இரவில் ஆயத்துல் குர்ஸி என்ற வசனத்தைச் (2:255) சொல்லிக்கொடுத்துத் தப்பினான். அவன் ஷைத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன பிறகே அபூஹுரைராவுக்கே தெரியும். நேரில் பார்த்துப் பிடித்த ஸஹாபிக்கே (நபித்தோழருக்கே) அடையாளம் தெரியவில்லை என்றால், இருட்டில் வேலியோரம் நின்ற வெள்ளை உருவத்தைப் பார்த்து நாம் எப்படி உறுதியாகச் சொல்வது?

7. மஃரிபு நேரம் பிள்ளைகள வெளிய விடாதிங்க எண்டு உம்மா கத்துறா. அது சும்மா பயங்காட்டுறதா?

சும்மா அல்ல. ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. பொழுதுபட்டதும் பிள்ளைகளை உள்ளே எடுங்கள், ஷைத்தான்கள் அப்போது பரவுகின்றன என்பது அதன் கருத்து. ஆனால் நம் உம்மாமார் விட்டுவிடும் பகுதி ஒன்று அதிலேயே இருக்கிறது: இரவில் கொஞ்ச நேரம் கழிந்ததும் பிள்ளைகளை விட்டுவிடலாம். இரவு முழுக்க வெளியே போகவே கூடாது என்ற பயம் ஹதீஸில் இல்லை.

அதே ஹதீஸில் வரும் மற்றவற்றையும் செய்யுங்கள்: பிஸ்மி சொல்லிக் கதவை மூடுதல், தண்ணீர்ப் பையின் வாயைக் கட்டுதல், சமையல் பாத்திரத்தை மூடுதல் (மூடி இல்லாவிட்டால் குறுக்கே ஒரு குச்சியாவது வைத்தல்), படுக்குமுன் விளக்கை அணைத்தல். விளக்கை அணைக்கச் சொன்னதற்கு இன்னோர் அறிவிப்பில் காரணம் வருகிறது. எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடும். மண்ணெண்ணெய் விளக்கும் நுளம்புத்திரியும் வைத்துத் தூங்குகிற வீடுகளுக்கு அது இன்றும் அப்படியே பொருந்தும்.

8. சுடுதண்ணி ஊத்தக்குள்ள பிஸ்மி செல்லாட்டி ஜின்ட பிள்ளையில பட்டிருமாம்?

இதற்கென்று ஆதாரமான ஹதீஸ் இல்லை. பெரியவர்கள் வழியாக வந்த பழக்கம். பிஸ்மி சொல்வது எந்த வேலைக்கும் நல்லது, சொல்லுங்கள். மறந்துபோய் ஊற்றிவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல் இருக்க வேண்டாம். கிணற்றடியில் விளையாடும் மனிதப் பிள்ளையைப் பார்த்து ஊற்றுங்கள்.

9. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா ஜின்னாயிருக்குமாம், அடிக்கக் கூடாதாம். புடையன் எண்டாலுமா?

நபி (ஸல்) காலத்து அகழ்ப்போர் நாட்களில் புதுமாப்பிள்ளையான ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தபோது படுக்கையில் பெரிய பாம்பு சுருண்டு கிடந்தது. அதை ஈட்டியால் குத்தினார். பாம்பும் அவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறந்தார்கள். மதீனாவில் இஸ்லாத்தைத் தழுவிய ஜின்கள் இருக்கின்றன, வீட்டுப் பாம்பைக் கண்டால் மூன்று நாள் எச்சரிக்கை கொடுங்கள், பிறகும் தென்பட்டால் கொல்லுங்கள் என்று நபி (ஸல்) சொன்னதாக முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. இது மதீனா வீடுகளுக்கு மட்டும் என்று ஒரு சாரார், எல்லா ஊர் வீடுகளுக்கும் என்று இன்னொரு சாரார். முதுகில் இரட்டைக் கோடுள்ளதும் கட்டை வாலுள்ளதும் இதில் சேராது என்று ஹதீஸே விலக்கு வைக்கிறது. வயலிலும் காட்டிலும் காணும் பாம்புக்கு இந்தச் சட்டமே இல்லை.

கண்ணாடிப் புடையன் கட்டிலுக்குக் கீழே கிடக்க, மூன்று நாள் அதோடு குடியிருங்கள் என்று எந்த ஆலிமும் சொல்ல மாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் அகற்றலாம். பிள்ளைகளை வெளியே எடுங்கள், கதவிடுக்கை அடையுங்கள், பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கடிவாயைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனமில்லை என்றால் 1990 இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. ஓதுவதை வாகனத்துக்குள் ஓதுங்கள்.

10. புளியமரம், பாழுங்கிணறு, கன்னியாக் கிணறு... இங்கெல்லாம் ஜின் குடியிரிக்கா?

ஹதீஸில் பெயர் சொல்லப்பட்ட இடங்கள் குறைவு. மலசலகூடம் அவற்றில் ஒன்று. அதனால்தான் நுழையுமுன் "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் குபுதி வல் கபாஇத்" என்று சொல்கிறோம். ஒட்டகம் கட்டுமிடத்தில் தொழ வேண்டாம் என்றும், தரையிலுள்ள பொந்துகளில் சிறுநீர் கழிக்க வேண்டாம் என்றும் வருகிறது. புளியமரம் எங்குமே வரவில்லை.

அறியாமைக் கால அரபிகள் ஒரு பள்ளத்தாக்கில் இரவு தங்கினால் அந்தப் பள்ளத்தாக்கின் தலைவனான ஜின்னிடம் பாதுகாப்புக் கேட்பார்கள். அப்படிக் கேட்டதால் அவர்களுடைய பெருஞ்சுமைதான் கூடியது என்று 72:6 கண்டிக்கிறது. மரத்தடியில் காசு வைப்பது, காடு வெட்டுமுன் அங்கிருக்கும் ஒன்றிடம் அனுமதி கேட்பது எல்லாம் அந்த வகையில் சேரும்.

கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படுவதால் ஜின் வேலை என்று சிலர் சொல்கிறார்கள். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. வரும் வழியில் குளிர்ந்த தண்ணீர் கலக்கும் அளவு கிணற்றுக்குக் கிணறு வேறு. பாழுங்கிணறு வேறு கதை, அதில் உண்மையாகவே ஆபத்து உண்டு. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் ஒட்சிசன் குறைந்து கெட்ட வாயு தங்கும். இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போன இரண்டாமவரும் விழுவார், ஊர் ஜின் அடித்துவிட்டது என்று சொல்லும். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் விஷவாயு இல்லை என்று அது உத்தரவாதம் தராது. இடுப்பில் கயிறில்லாமல், மேலே இழுக்க ஆளில்லாமல், காற்றோட்டம் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க அவசரப்பட்டு இன்னொருவர் குதிக்கவும் கூடாது.

11. ராவைக்கு நெஞ்சில ஏறி அமுக்குது. கத்தவும் ஏலா, கையக் காலை அசைக்கவும் ஏலா.

ஊரில் அமுக்குவான் என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து அசைவற்றுப் போவது இயற்கை. நாம் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து விழாமல் இருப்பது அதனால்தான். சில வேளை மூளை முந்திக்கொண்டு விழித்துவிடும், உடல் இன்னும் விடுபடாமல் கிடக்கும். கனவின் மிச்சம் கண் முன்னே நிற்பதால் யாரோ அறைக்குள் நிற்பது போலவும் நெஞ்சில் பாரம் ஏறியது போலவும் இருக்கும். சில வினாடிகளிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் போய்விடும். உயிருக்கு ஆபத்தில்லை.

மல்லாக்கப் படுப்பவர்களுக்கும், தூக்கம் குறைந்தவர்களுக்கும், நேரம் மாறித் தூங்குபவர்களுக்கும் கூடுதலாக வரும். இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்குபவர்கள் இதை அதிகம் சொல்வதில் வியப்பில்லை. வந்தால் திமிற வேண்டாம். ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள், மூச்சைக் கவனியுங்கள். வலப்பக்கம் சாய்ந்து படுப்பது ஸுன்னத்து, இதற்கும் உதவும். படுக்குமுன் ஆயத்துல் குர்ஸி ஓதுங்கள். குல் ஸூரா மூன்றையும் (112, 113, 114ஆம் அத்தியாயங்கள்) இரு கைகளிலும் ஓதி ஊதி, தலை முகத்திலிருந்து தொடங்கி உடலில் எட்டும் இடமெல்லாம் மூன்று முறை தடவுங்கள். பயம் தணிவதே பாதிச் சுகம். அடிக்கடி வந்து தூக்கத்தைக் கெடுத்தால், அல்லது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தால் டொக்டரைக் காட்டுங்கள்.

12. வலிப்பு வந்து நுரை தள்ளுது. ஆக்கள் ஜின் பிடிச்ச எண்டு செல்றாங்க. முதல்ல எங்க கொண்டு போறது?

ஆஸ்பத்திரிக்கு. முதலிலும் அங்கேதான், ஓதிப் பார்த்த பிறகும் அங்கேதான். ஜின் மனித உடலில் புகுமா என்பதில் பழைய அறிஞர்கள் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. பகுத்தறிவை முன்வைத்த முஃதஸிலாப் பிரிவினரில் பலர் மறுத்தார்கள், அஹ்லுஸ் ஸுன்னா எனப்படும் ஸுன்னிகளில் பெரும்பாலானோர் முடியும் என்றார்கள். முடியும் என்றவர்களும் எல்லா வலிப்பும் ஜின் என்று சொல்லவில்லை. உடல்நோயால் வரும் வலிப்பு வேறாக உண்டு என்றே எழுதினார்கள்.

புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும் கறுப்பினப் பெண்மணியின் செய்தி இங்கே முக்கியம். எனக்கு வலிப்பு வருகிறது, ஆடை விலகிவிடுகிறது, துஆ செய்யுங்கள் என்று அவர் நபியவர்களிடம் வந்தார். பொறுத்தால் சொர்க்கம், விரும்பினால் சுகத்துக்கு துஆ என்று இரண்டு தெரிவு கொடுக்கப்பட்டது. பொறுக்கிறேன், ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ செய்யுங்கள் என்றார். அவரை யாரும் அடிக்கவில்லை, புகை காட்டவில்லை, கட்டி வைக்கவில்லை.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள், பக்கத்திலுள்ள கல், கட்டில் கால், அடுப்பை விலக்குங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் திறப்புக் கொடுப்பதால் பலனில்லை. வாய்க்குள் கரண்டி, விரல் எதையும் விடக் கூடாது. பல் உடையும், மூச்சடைக்கும். முழு நினைவு வரும்வரை தண்ணீர் பருக்காதீர்கள், அது ஓதிய தண்ணீரானாலும் புரையேறும். ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், முதல்முறை வலிப்பானால், கர்ப்பிணியானால் உடனே 1990ஐ அழையுங்கள். மருந்தில் இருப்பவர் ஓதிப் பார்த்தபின் சுகம் என்று குளிசையைச் சட்டென்று நிறுத்துவதுதான் நாம் காண்பதில் மிக மோசமான பிழை. நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும், விடாமல் தொடர்ந்து வரவும் கூடும்.

13. தங்கச்சி பிள்ளை பெத்து பத்து நாள். தூங்குறாவில்ல, தனியக் கதைக்கிறா, பிள்ளை தன்ட பிள்ளை இல்லையாம். ஜின்தானே?

பிரசவத்தின் பின், பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், சில தாய்மாருக்கு வரும் கடுமையான மனநோயின் அடையாளங்கள் இவை. அவசர நிலை. இன்றைக்கே கொண்டுபோக வேண்டும், நாற்பது முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாயும் பிள்ளையும் தனியே இருக்க விடாதீர்கள். சரியான மருந்து கிடைத்தால் பெரும்பாலான தாய்மார் முழுமையாகச் சுகமடைகிறார்கள். யோசனை கேட்க வேண்டுமானால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. குடும்பநல மருத்துவ மாதுவிடமும் உடனே சொல்லலாம்.

பத்தியம் என்ற பெயரில் சாப்பாட்டைக் குறைப்பதும், புகையறைக்குள் வைத்து மூடுவதும் அவவை இன்னும் மோசமாக்கும். ஓத வேண்டுமானால் கணவரோ உம்மாவோ பக்கத்தில் இருந்து மெதுவாக ஓதட்டும்.

14. ஓதிப் பார்க்கிறதெண்டா எப்படி? ஆலிம்சாதான் ஓதணுமா?

இல்லை, உங்களுக்கு நீங்களே ஓதுவதே சிறந்தது. அறிஞர்கள் வைத்த நிபந்தனைகள் மூன்று. இறைவனின் வார்த்தைகளாலோ பெயர்களாலோ ஓத வேண்டும். பொருள் விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். ஓதல் தானாகச் சுகம் தராது, இறைவனே தருகிறான் என்று நம்ப வேண்டும்.

நடைமுறை எளிது. உளூச் செய்து (தொழுகைக்குப் போலக் கழுவிச் சுத்தமாகி), பாத்திஹா (முதல் அத்தியாயம்), ஆயத்துல் குர்ஸி, பகராவின் (இரண்டாம் அத்தியாயம்) கடைசி இரண்டு வசனங்கள், குல் ஸூரா மூன்று ஆகியவற்றை நிறுத்தி நிதானமாக ஓதி, மெல்ல ஊதுங்கள். வலியுள்ள இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ், பிறகு ஏழு முறை "அஊது பில்லாஹி வ குத்ரதிஹி மின் ஷர்ரி மா அஜிது வ உஹாதிர்" என்று சொல்லும்படி உஸ்மான் இப்னு அபில் ஆஸுக்கு (ரழி) கற்றுக்கொடுக்கப்பட்டது. தண்ணீரில் ஓதிக் குடிப்பதைப் பல ஆலிம்கள் அனுமதித்துள்ளனர். தாகத்துக்குக் குடிக்கிற அளவு போதும். போத்தல் போத்தலாகக் குடித்து வாந்தி எடுக்க வைப்பது வைத்தியமல்ல, உடலின் உப்புச் சமநிலை கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் பகரா ஓதப்பட்டால் ஷைத்தான் வெருண்டோடுவான் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். ஒலிப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவதைவிட, ஒரு நாளைக்கு ஒரு பக்கமானாலும் வாயால் ஓதுங்கள்.

15. ஓதுறவரு சரியான ஆளா, ஏமாத்துக்காரனா எண்டு எப்படி விளங்கிறது?

உம்மாவின் பெயரைக் கேட்டால், பாவித்த உடுப்பு அல்லது தலைமயிர் கேட்டால், இந்த நிறத்துச் சேவல் வேண்டும் என்றால், கட்டம் போட்டு எண்களும் விளங்காத பெயர்களும் எழுதினால், விளங்காமல் முணுமுணுத்தால் அங்கிருந்து எழும்பி வாருங்கள். பெண் நோயாளியைத் தனியறைக்குள் கூப்பிட்டால் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். உங்கள் மச்சிதான் சூனியம் செய்தா என்று ஆள் காட்டுபவரும் அப்படியே. கணவன் மனைவியைப் பிரிப்பதைத்தான் சூனியம் கற்றவர்கள் செய்தார்கள் என்று 2:102 சொல்கிறது. குடும்பத்தைப் பிரிக்கும் பேச்சு வருகிற இடத்தில் அந்த வசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பதற்கு எந்த அனுமதியும் இல்லை. அடி ஜின்னுக்குத்தான் படும், ஆளுக்கு வலிக்காது என்பது பொய். காயம் ஆளின் உடம்பில்தான் இருக்கும். மூடிய அறையில் மிளகாய்ப் புகை போடுவதும் அடியைப் போலத்தான், முட்டு வருத்தமுள்ளவர் அதில் செத்துப்போகலாம்.

16. இஸ்மு எழுதிக் கட்டலாமா? பிள்ளைட இடுப்பில தாயத்து கிடக்கு.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விளங்காத எழுத்து, எண் கட்டம், ஜின்களின் பெயர் என்றால் கூடாது, அதில் கருத்து வேறுபாடில்லை. குர்ஆன் வசனம் மட்டும் என்றால் இரண்டு கருத்து உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) ஓதத் தெரியாத சிறுபிள்ளைகளுக்கு துஆவை எழுதிக் கட்டியதாக அறிவிப்பு இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் உறையிட்டுக் கட்ட அனுமதி உண்டு. இப்னு மஸ்ஊதும் (ரழி) அவருடைய மாணவர்களும் எல்லாத் தாயத்தையும் வெறுத்தார்கள். எங்கள் அபிப்பிராயம், பிள்ளைக்குக் கட்டுவதைவிடப் பிள்ளைக்கு ஓதுவது பாதுகாப்பானது. கட்டியே ஆக வேண்டுமென்றால் கறுப்பு நூலைக் கழுத்தில் கட்டாதீர்கள், தூக்கத்தில் இறுகும்.

17. ஜின்ன வச்சிருக்கிற ஒருத்தர் களவு போன நகையக் காட்டித் தாறாராம். போகலாமா?

மறைவான செய்தி ஜின்னுக்குத் தெரியாது. இதற்கு 34:14ஐவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம். ஸுலைமான் நபி (அலை) கைத்தடியில் சாய்ந்தபடியே மரணித்துவிட்டார். முன்னால் கடும் வேலை செய்துகொண்டிருந்த ஜின்களுக்கு அது தெரியவில்லை. கறையான் தடியை அரித்து, உடல் கீழே விழுந்த பிறகே தெரிந்தது. மறைவானதை அறிந்திருந்தால் இழிவான அந்த வேதனையில் இருந்திருக்க மாட்டோம் என்று அப்போதுதான் அவற்றுக்கு விளங்கியது. கண்முன் நின்ற மனிதர் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாதவை உங்கள் நகை எந்த அடைவுக் கடையில் இருக்கிறது என்று சொல்லுமா?

குறி பார்ப்பவரிடம் போய்க் கேட்டால் நாற்பது இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்று முஸ்லிமில் உள்ளது. அதைவிட, அவர் காட்டும் ஆள் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரியோ பக்கத்து வீட்டுப் பொடியனோ. நிரபராதி ஒருவரின் மானம் போய்விடும். பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள்.

18. ஜின்னோட கலியாணம் கட்டின ஆக்கள் இரிக்காங்களாமே?

பழைய பிக்ஹு அறிஞர்கள் இதை விவாதித்திருக்கிறார்கள், பலர் கூடாது என்றார்கள். உங்களிலிருந்தே உங்களுக்குத் துணைகளை ஆக்கினான் என்ற 16:72 அவர்களின் ஆதாரம். மாலிக் இமாம் சொன்னதாக வரும் காரணம் இன்னும் நடைமுறையானது: கருவுற்ற பெண்ணிடம் கணவன் யார் என்று கேட்டால் ஜின் என்று சொல்லிவிடலாம், குழப்பம் பெருகும். ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் ஜின்னைத் தேடாதீர்கள். அவளுக்கு யாராவது மனிதர் தீங்கு செய்கிறாரா, மனநோய் ஏதும் இருக்கிறதா என்று அமைதியாகக் கேளுங்கள்.

19. அலாவுதீன்ட விளக்குப் பூதம் ஜின்தானா?

ஆம், கதையில் வரும் ஜின். தமிழில் பூதம் என்று வந்துவிட்டது. அந்தக் கதை பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்லக் கேட்டு, கல்லான் என்ற பிரெஞ்சுக்காரர் தன் ஆயிரத்தொரு இரவுகள் மொழிபெயர்ப்பில் சேர்த்தார். அதில் விளக்குக்கு ஒரு ஜின், மோதிரத்துக்கு இன்னொன்று. மூன்று வரம் என்ற கணக்கு பின்னால் படங்களில் வந்தது. ஜின்னைக் கட்டுப்படுத்தியது ஸுலைமான் நபிக்கு மட்டும் தரப்பட்டது. தனக்குப் பின் யாருக்கும் கிடைக்காத ஆட்சியைக் கேட்டார் என்று 38:35 சொல்கிறது.

20. ஜின்ன நம்பாட்டி முஸ்லிமில்லையா? கிருமியத்தான் ஜின் எண்டு செல்லியிருக்கு எண்டும் ஒருத்தர் செல்றாரு.

ஜின் உண்டு என்பதை குர்ஆன் நேரடியாகச் சொல்வதால், அடியோடு மறுப்பது குர்ஆனை மறுப்பதாகும் என்பதே அறிஞர்களின் நிலை. ஆனால் இன்ன வீட்டில் இருக்கிறது, இன்னாரைப் பிடித்திருக்கிறது என்ற செய்தியை நம்ப வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்குபவர்கள்தான், தங்களிடம் வராதவரை ஈமான் இல்லாதவர் என்று பயமுறுத்துகிறார்கள்.

கிருமி என்ற கருத்து புதிதல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் ஜின்னில் ஒரு வகையாக இருக்கலாம் என்று எகிப்தின் முஹம்மது அப்துஹு சொன்னார். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை, ஏனென்றால் கேள்வி 5இல் சொன்னபடி அவை குர்ஆனைக் கேட்டு, விளங்கி, தங்கள் கூட்டத்தாரிடம் போய் எச்சரிக்கின்றன (46:29). கிருமி அதைச் செய்யாது.

21. ஜின்னுக்கு அவ்வளவு சக்தி இருந்தா எங்கள என்னவும் செய்யலாம்தானே?

குர்ஆனில் ஜின்னுக்கு இருக்கும் சக்தியைவிட நம் பயத்தில் அதற்கு இருக்கும் சக்தி பல மடங்கு பெரியது. மறைவு தெரியாது என்பதைக் கேள்வி 17இல் பார்த்தோம். ஷைத்தானே மறுமையில் சொல்லப்போவதை 14:22 எடுத்துக்காட்டுகிறது: உங்கள் மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, கூப்பிட்டேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள். அவனுடைய முதல் வேலை உள்ளத்தில் ஊசாட்டம் போடுவது. காரணமில்லாத பயமும் அந்த ஊசாட்டத்தில் சேரும்.

22. நாங்க சைவம். பிள்ளை இரவில வெருளுது. பள்ளிவாசலில ஓதி ஊதுவினமா? போனால் குறை நினைப்பினமோ?

ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள். அபூஸயீத் அல்குத்ரியும் (ரழி) தோழர்களும் பயணத்தில் ஒரு கோத்திரத்தாரிடம் தங்க இடம் கேட்டு மறுக்கப்பட்டார்கள். அந்தக் கோத்திரத் தலைவரை விஷஜந்து கொட்டியபோது பாத்திஹா ஓதியே சுகம் கிடைத்தது. அந்தக் கோத்திரம் முஸ்லிமல்ல என்றே பல அறிஞர்கள் கொள்கிறார்கள். அதனால் மதம் பார்த்து மறுக்க இடமில்லை.

அஸர் அல்லது மஃரிப் தொழுகை முடிந்து இமாம் வெளியே வரும் நேரம் வசதி. வாசலில் நின்றால் போதும், காசு கேட்க மாட்டார். கேட்டால் கேள்வி 15ஐப் பாருங்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் தூங்கி ஓரிரு மணித்தியாலத்தில் அலறி எழும்பி, காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருப்பது பொதுவாக வளர வளரத் தானாகவே நின்றுவிடும். உலுப்பி எழுப்பாமல், விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு வெருண்டாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ கேள்வி 12இல் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பள்ளிவாசலுக்கு வருவதைப் பிறகு பார்க்கலாம்.